பாஜியோவை ஏன் இன்னும் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கேள்வி:
1994 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். ஆட்டத்தை முடிவு செய்யும் பெனால்டி சுற்றில் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ அடித்த பந்து கோல் கம்பத்துக்கு மேலே போய்விட்டது, பிரேசிலுக்குக் கோப்பை. இத்தாலிய லீக் பட்டம் என்று பார்த்தாலும் இரண்டுதான், 1995இல் யுவென்டஸோடு, 1996இல் மிலனோடு. மால்தீனி, டோட்டி மாதிரி ஒரே அணியில் நிலைத்து ஆடியவரும் இல்லை. அப்படியும் எந்த அணி ரசிகரைக் கேட்டாலும் இவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஏன்?

பதில் 1:
அந்தத் தொடரின் மற்ற ஆட்டங்களையும் பாருங்கள். நைஜீரியாவிடம் இத்தாலி பத்துப் பேரோடு தோற்றுக்கொண்டிருந்தபோது 88வது நிமிடத்தில் சமன் செய்தவர் இவர், கூடுதல் நேரத்தில் வெற்றி கோலும் இவருடையதுதான், அப்புறம் ஸ்பெயினுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ஒன்று, பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு. இறுதிப் போட்டியில் தொடைத் தசை வலியோடு ஆடினார். சக இத்தாலி வீரர்கள் பரேசியும் மஸ்ஸாரோவும்கூட பெனால்டியைக் கோட்டைவிட்டார்கள். இவர் கோல் அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னொரு வாய்ப்பு மீதி இருந்தது. பழியை மட்டும் இவர் தலையில் கட்டுவது அநியாயம்.

பதில் 2:
ஃபுளோரன்ஸ் கதை தெரியாமல் இவரைப் புரிந்துகொள்ள முடியாது. 1990இல் அந்த நகரத்து அணியான ஃபியோரென்டினா இவரை யுவென்டஸுக்கு விற்றபோது ரசிகர்கள் தெருவில் இறங்கிக் கலவரமே செய்தார்கள். அடுத்த ஆண்டு யுவென்டஸ் சட்டையில் அதே மைதானத்துக்கு வந்தவர், பெனால்டி கிடைத்தும் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாற்று வீரர் உள்ளே வர, வெளியே போகும்போது ரசிகர்கள் வீசிய ஃபியோரென்டினாவின் ஊதா நிறத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். யுவென்டஸ் ரசிகர்களுக்கு எவ்வளவு கடுப்பாகியிருக்கும்! ஆனால் 1993இல் அவர்களுக்கே ஐரோப்பிய அணிகளுக்கான யூஏஃபா கோப்பையை வென்று கொடுத்தார், அதே ஆண்டு சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதும் வாங்கினார்.

பதில் 3:
பதினெட்டு வயதிலேயே முழங்கால் போய்விட்டது, அதற்குப் பிறகுதான் இந்த ஆட்டம் எல்லாம். முடிந்துபோனவர் என்று பலரும் நினைத்த நேரத்தில் பொலோனியாவுக்குப் போய் 1997-98 சீசனில் லீக்கில் மட்டும் 22 கோல். கடைசி நான்கு ஆண்டு பிரெஷா மாதிரி ஒரு சின்ன அணியில். 2004 மே மாதம் மிலனின் சான் சீரோ மைதானத்தில் கடைசி ஆட்டம் ஆடி வெளியேறியபோது எதிரணியான மிலனின் ரசிகர்கள் மொத்தப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரே அணிக்குச் சொந்தமாகாததால்தான் எல்லாரும் இவரைத் தங்கள் ஆளாக நினைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியென்றால் 2002 உலகக் கோப்பையில் ஏன் இல்லை?

பதில் 3:
அந்த ஆண்டும் முழங்கால்தான். சீசன் முடிவதற்குள் திரும்பி வந்து ஃபியோரென்டினாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தும் இத்தாலி அணியின் பயிற்சியாளர் டிராபட்டோனி எடுக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. சரி, 2001இல் யுவென்டஸுக்கு எதிராக பிரெஷாவுக்காக அடித்த கோலைத் தேடிப் பாருங்கள். சக வீரர் பிர்லோ நடுக்களத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்து, பாஜியோவின் ஒரே தொடுதலில் யுவென்டஸ் கோல்கீப்பர் வான் டெர் சார் ஏமாந்துவிட்டார்.