தாத்தா பெட்டி – குடும்பக் குழு, டர்பன்

பெரியம்மா: தேவன், தாத்தா பெட்டியில் இருந்ததையெல்லாம் ஸ்கேன் செய்தாயா? மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டத்துப் படங்களும் சேர்ந்ததா?

தேவன்: எல்லாம் முடிந்தது பெரியம்மா. பூட்டன் பெயர் உள்ள, ஒப்பந்தக் கூலிகள் வந்த கப்பலின் பட்டியல் நகலும் இருக்கிறது, அவருக்குக் கொடுத்த பதிவு எண்ணான காலனி எண் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் எல்லாம் என் லேப்டாப்பில் மட்டும்தான். பிரவுசரில் கூகுள் டிரைவுக்கு ஏற்றினால் பாதியில் நின்றுவிடுகிறது.

மீனா அக்கா: ஒரே இடத்தில் வைக்காதே தம்பி. 2022 வெள்ளத்தில் எத்தனை வீட்டு ஆல்பங்கள் போயின! ஆர்குளோன் (rclone) போடு, கோப்புகளை இணையச் சேமிப்புக்கு நகலெடுக்கும் மென்பொருள். இலவசம்தான்.

ரவி மாமா: கூகுளின் சொந்த ஆப் போதாதா?

மீனா அக்கா: தேவனிடம் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் மாமா. லினக்ஸுக்கு கூகுள் அந்த ஆப் தருவதில்லை. தேவன், உபுண்டுவோடு வருவது பெரும்பாலும் பழைய பதிப்பு, ஆர்குளோன் தளத்திலிருந்தே இறக்கு. அப்புறம் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், 'ஆர்குளோன் கான்ஃபிக்' (rclone config) தட்டி, புதிய இணைப்புக்கு 'n' எழுத்தைக் கொடு. நீளமான பட்டியல் வரும், கூகுள் டிரைவுக்கு எதிரில் உள்ள எண்ணைப் பார்த்துக் கொடு. பதிப்புக்குப் பதிப்பு அந்த எண் மாறும்.

தேவன்: கிளையன்ட் ஐடி கேட்கிறது அக்கா.

மீனா அக்கா: அது ஆர்குளோன் கூகுளிடம் காட்டும் அடையாளம். காலியாக விட்டால் ஆர்குளோனின் பொது ஐடியில் போகும், ஊரே அதில்தான் நிற்கிறது, மெதுவாகிவிடும். கூகுள் கிளவுட் கன்சோல் தளத்தில் சொந்தமாக ஒன்று எடு, போனில் வழி சொல்கிறேன். அனுமதி கேட்கும்போது, ஆர்குளோன் தானே உருவாக்கிய கோப்புகளை மட்டும் தொடுகிற வகையைத் தேர்ந்தெடு. உன் மற்ற கோப்புகள் அதன் கண்ணிலேயே படாது.

தேவன்: பிரவுசர் திறந்தது, அனுமதி கொடுத்தேன். கடைசித் திரை இதோ. (படம்)

மீனா அக்கா: உடனே அழி! டோக்கன் தெரிகிறது, அதுதான் சாவி. நம் குழுவாக இருந்தாலும் வேண்டாம். கூகுள் கணக்கில் அந்த அனுமதியை ரத்து செய்துவிட்டு, 'கான்ஃபிக் ரீகனெக்ட்' கொடுத்துப் புதிதாக வாங்கு.

தேவன்: சரி அக்கா, செய்துவிட்டேன்.

ரவி மாமா: இனி 'சிங்க்' கொடுத்தால் போகும்தானே? ஒரு வீடியோவில் அப்படித்தான் காட்டினார்கள்.

மீனா அக்கா: வேண்டவே வேண்டாம் மாமா. 'சிங்க்' என்றால் இங்கே இருப்பது போலவே அங்கேயும் ஆக்குவது. இங்கே இல்லாதது அங்கே இருந்தால் அழித்துவிடும். எங்கிருந்து எங்கே என்பதை மாற்றி எழுதினால் லேப்டாப்பில் உள்ளதே போய்விடும். டிரைவில் அழிந்தால் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், லேப்டாப்பில் அந்த வசதியும் இல்லை. நமக்கு 'காப்பி' போதும். அது எதையும் அழிக்காது. ஒரே பெயரில் மாறிய கோப்பு இருந்தால் மட்டும் மேலே எழுதும், அதனால் பெயர்களைத் தனித்தனியாக வை. முதலில் 'டிரை ரன்' சேர்த்து ஓட்டு. எதெல்லாம் போகும் என்று காட்டும், எதையும் அனுப்பாது.

தேவன்: பட்டியல் சரியாக இருக்கிறது. ஆனால் கரண்ட் போனால்?

மீனா அக்கா: வந்ததும் அதே கட்டளையை மறுபடி கொடு. போய்ச் சேர்ந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும். பாதியில் நின்ற கோப்பு மட்டும் முதலிலிருந்து போகும். சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் டிரைவில் நொடிக்கு இரண்டு போலத்தான் ஏறும், பொறுமையாக விடு. மகளுக்கு ஆன்லைன் வகுப்பு இருந்தால் 'பிடபிள்யூலிமிட் 1எம்' சேர். நொடிக்கு ஒரு மெகாபைட்டுக்கு மேல் எடுக்காது.

பெரியம்மா: மொத்தமும் கொள்ளுமா?

தேவன்: இலவச இடம் 15 ஜிபி பெரியம்மா, ஜிமெயிலும் அதில்தான். நம்முடையது 9 ஜிபி, கொள்ளும்.

(மறுநாள்)

தேவன்: ஏறிவிட்டது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும் 'செக்' கொடுத்துப் பார்த்தேன், வேறுபாடு பூஜ்யம்.

மீனா அக்கா: அருமை தம்பி. இதையே வெளி டிஸ்க் ஒன்றிலும் போட்டு, டர்பன் பீனிக்ஸில் பெரியம்மா வீட்டில் வை.

பெரியம்மா: ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா. படத்தில் யார் யார் என்று நான் சொல்கிறேன், நீ எழுதிக்கொள்.