ட்யூஷன் சேராததால் மார்க் குறைகிறது, யாரிடம் புகார் கொடுப்பது?

விவரம் தெரிந்த ஆசிரியர்கள், பெற்றோர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். கணக்கு ஆசிரியர் சாயந்திரம் தன் வீட்டு மாடியில் ட்யூஷன் எடுக்கிறார். சேராத பிள்ளைகளுக்குக் கடைசி பெஞ்ச். போன வாரத் தேர்வில் இவள் போட்ட கணக்குக்கு விடை சரி, வழியும் சரி. ஐந்துக்கு இரண்டு மார்க். பக்கத்தில் சிவப்பு மையில் 'படிகள் போதாது'. அதே நான்கு வரி எழுதிய ட்யூஷன் பிள்ளைக்கு ஐந்து. இரண்டு தாளையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 28, ஆசிரியர்கள் தனி ட்யூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. தலைமையாசிரியரிடம் சொன்னேன். "பார்த்துக்கலாம்மா" என்றார், அவ்வளவுதான்.

அடுத்து பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் போன் செய்வதா, மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுப்பதா? உதவி பெறும் பள்ளியில் நடவடிக்கை எடுப்பது நிர்வாகமா, கல்வித் துறையா? மகள் பெயர் இல்லாமல் மனு கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா? அவர் வேலை போக வேண்டும் என்றெல்லாம் இல்லை. நன்றாகப் பாடம் நடத்துகிறவர், அதுதான் வயிற்றெரிச்சல்.

மனு கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் இன்பாக்ஸில் சொன்னாலும் சரி.