தீசிஸ் இங்கிலீஷ சாட்ஜிபிடி திருத்துனா அது ஏமாத்தா?

லேப்எலி:
எங்க டிபார்ட்மென்ட்ல ஒரே சண்டை. சாட்ஜிபிடிய தொட்டாலே ஏமாத்துன்னு ஒரு குரூப், இங்கிலீஷ மட்டும் சரி பண்ணிக்கிட்டா என்னன்னு இன்னொரு குரூப். நான் ரெண்டாவது. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், டேட்டா என்னுது, ராத்திரி பூரா ஆட்டோகிளேவ் முன்னாடி நின்னது நான், கிராமர மட்டும் அது பாத்துக் குடுத்தா குடி முழுகிடுமா?

பழையவாத்தியார்:
தம்பி, கிராமர்ல ஆரம்பிக்கும், அங்கயே நிக்காது. 2024 பிப்ரவரில ஃபிரான்டியர்ஸ் ஜர்னல் ஒண்ணுல வந்த எலி படம் ஞாபகம் இருக்கா? மிட்ஜர்னிங்கற படம் வரையற ஏஐல போட்டது, எலிய விட பெருசா அதோட உறுப்பு, லேபிள்ல எந்த பாஷைலயும் இல்லாத வார்த்தை. அச்சுக்கு முன்னாடி சரிபாக்கற ரிவ்யூவர் எல்லாரையும் தாண்டி வந்துடுச்சு, ஊரே சிரிச்சப்புறம் மூணே நாள்ல வாபஸ். அடுத்த மாசம் எல்செவியர் ஜர்னல்ல ஒரு லித்தியம் பேட்டரி பேப்பர் மாட்டுச்சு, முதல் வரியே "கண்டிப்பா, உங்க தலைப்புக்கு ஒரு அறிமுகம் இதோ"ங்கற மாதிரி. எழுதினவனே படிக்கல!

லேப்எலி:
சார், படத்தையே வரைய விட்டதும் கமா போட விட்டதும் ஒண்ணா? "சயின்ஸ்"ங்கற பெரிய ஜர்னலே 2023 ஜனவரில சுத்தமா கூடாதுன்னாங்க, நவம்பர்ல எப்படி யூஸ் பண்ணீங்கன்னு எழுதிட்டு பண்ணுங்கன்னு இறங்கி வந்துட்டாங்க.

பழையவாத்தியார்:
அந்த எலிக்காரங்களும் மிட்ஜர்னின்னு பேப்பர்லயே சொல்லிட்டுதான் போட்டாங்க. சொல்லிட்டா ஆச்சா, செக் பண்ணது யாரு? போன மாசம் ஒரு பையன் லிட்ரேச்சர் ரிவ்யூ கொண்டாந்தான், ஆத்தர் நிஜம், ஜர்னல் நிஜம், வால்யூம் நம்பர் வரைக்கும் ஜோரா இருக்கு, டிஓஐய, அதான் பேப்பரோட ஆன்லைன் அடையாள நம்பர, போட்டா மீன் வளர்ப்பு பத்தின பேப்பர் திறக்குது.

கயல்:
நடுவுல வரேன். ஏஐ எழுதினதான்னு பாக்கற டிடெக்டர் கொடுமைய யாராச்சும் பேசுங்களேன். ஸ்டான்ஃபோர்ட்காரங்க 2023ல, இங்கிலீஷ் தாய்மொழி இல்லாத மனுஷங்க டோஃபல்ங்கற இங்கிலீஷ் பரீட்சைக்கு எழுதின 91 கட்டுரைய ஏழு டிடெக்டர்ல ஓட்டிப் பாத்தாங்க, சராசரியா 61 சதவீதத்துக்கு மேல ஏஐன்னு முத்திரை குத்துச்சு. அமெரிக்க ஸ்கூல் பசங்க எழுதினதுக்கு அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்ல. ஓபன்ஏஐயே தன்னோட டிடெக்டர அதே வருஷம் ஜூலைல மூடிடுச்சு. ஆனா என் கைடுக்கு ஏஐ ஸ்கோர் ஜீரோ வேணுமாம். யுஜிசியோட 2018 விதில இருக்கற 10 சதவீத வரம்பு காப்பி அடிக்கறதுக்கு, இதுக்கில்லன்னு சொன்னா கேக்கல. இப்ப நானே எழுதின நல்ல வாக்கியத்த உடைச்சு மோசமாக்கிட்டு உக்காந்திருக்கேன்.

சும்மாபாக்கறேன்:
எல்லாரும் ஸ்டூடன்ட்டயே புடிங்க. பியர் ரிவ்யூவுக்கு வந்த அடுத்தவன் மேனுஸ்கிரிப்ட்ட அப்படியே சாட்பாட்ல ஒட்டி ரிப்போர்ட் வாங்குற பெரியவங்க கணக்குல வர மாட்டாங்களா? அமெரிக்காவுல மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற என்ஐஹெச், அவங்க கிராண்ட் ரிவ்யூவர்களுக்கு 2023 ஜூன்லயே கூடாதுன்னுடுச்சு, ரகசியம் போயிடும்னு.

பழையவாத்தியார்:
அது அயோக்கியத்தனம், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. கயலு, டிடெக்டர நானும் நம்பறதில்லம்மா. பையன எதிர்ல உக்கார வச்சு, "இந்த பேப்பர் சைட் பண்ணிருக்கியே, இதுல சாம்பிள் எப்படி எடுத்தாங்க"ன்னு கேப்பேன். முழிச்சான்னா முடிஞ்சுது.

லேப்எலி:
அப்ப கேளுங்க சார், பதில் சொல்றேன். இங்கிலீஷ்ல மட்டும் கேக்காதீங்க, அவ்ளோதான்.