194-ல் எத்தனை ரன் அப்ரிதியுடையது?

வாலாஜா ரோடு:
நேத்து இங்க "பத்துக்குப் பத்து"ங்கிற ஒரு புண்ணியவான் "ஒருநாள் கிரிக்கெட்டின் பத்து மகா இன்னிங்ஸ்"னு பட்டியல் போட்டிருந்தார். ரிச்சர்ட்ஸ் 189, கபில் 175, சச்சின் 200, மேக்ஸ்வெல் 201 எல்லாம் இருக்கு. நம்ம சேப்பாக்கத்துல 1997 மே 21 அன்னிக்கு இந்தியாவுக்கு எதிரா பாகிஸ்தானோட சயீத் அன்வர் அடிச்ச 194 மட்டும் இல்ல. அன்னிக்கு அன்வருக்குத் தசைப்பிடிப்பு; அவர் அடிக்க, அவருக்குப் பதிலா அப்ரிதி ரன்னரா ஓடினார். ஏன் பட்டியல்ல இல்லைன்னு கேட்டா ஒரே வரி: "பாதி ரன் அப்ரிதி ஓடினது. இரவல் கால் இன்னிங்ஸ் கணக்குல வராது." எழுதுறதுக்கு முன்னாடி ஸ்கோர்கார்டைத் திறந்து பார்த்தாரா? 146 பந்து, 22 ஃபோர், 5 சிக்ஸ். 118 ரன் பவுண்டரியிலேயே வந்தாச்சு. மிச்சம் 76. அதுலயும் ரன்னர் வர்றதுக்கு முன்னாடி அன்வரே ஓடினது இருக்கு. எந்த ஊர் வாய்ப்பாட்டுல 76 வந்து 194-ல பாதி?

பத்துக்குப் பத்து:
பாதின்னது ஒரு பேச்சுக்கு. கேள்வி இதுதான்: ரன்னர் இருந்தாரா, இல்லையா? இருந்தார். முடிஞ்சுது.

வாலாஜா ரோடு:
ஒரு நாள் கூட நிக்கல, "பாதி" இப்ப "பேச்சுக்கு" ஆயிடுச்சு. ரொம்ப சந்தோஷம்.

மெரினா காத்து:
அன்னிக்கு கேப்டன் சச்சின்தான். அவர் பெருந்தன்மையா ரன்னர் கொடுக்கலைன்னா 194-ம் கிடையாது ஒண்ணும் கிடையாது. அதையும் எழுதுங்க சார்.

வாலாஜா ரோடு:
காத்து, விதி தெரியாம வீசாதீங்க. அன்னிக்கு இருந்த விதிப்படி, ஆட்டத்தின்போது காயமோ உடம்புக்கு முடியாமலோ ஆச்சுன்னு அம்பயர் திருப்தி ஆனா போதும், ரன்னர் உண்டு. எதிரணி கேப்டன் கிட்ட கையேந்த வேண்டியதில்ல. ரன்னர் முடிஞ்சவரை ஏற்கெனவே பேட் பண்ணி முடிச்சவரா இருக்கணும். பேட், க்ளவுஸ், ஹெல்மெட்னு அடிபட்டவர் என்ன மாட்டியிருக்காரோ அதேதான் இவரும் மாட்டணும். ஓப்பனிங் இறங்கி சீக்கிரமே அவுட்டாகிப் போன அப்ரிதி திரும்ப வந்ததுக்குக் காரணம் அதுதான். ஒரு கேப்டனும் இதுல தர்மம் பண்ணல.

மெரினா காத்து:
அப்போ 2009 சாம்பியன்ஸ் ட்ராபியில தென்னாப்பிரிக்கா கேப்டன் க்ரேம் ஸ்மித்துக்குக் கால் பிடிச்சுக்கிட்டு ரன்னர் கேட்டப்ப இங்கிலாந்து கேப்டன் ஸ்ட்ராஸ் எப்படி "முடியாது"ன்னு சொன்னார்? ஸ்மித் 141 வரைக்கும் நொண்டிக்கிட்டே ஆடினார், 22 ரன்ல தோத்தாங்க. கேப்டனுக்குப் பேச்சே இல்லைன்னா அது எப்படி நடந்துச்சு?

வாலாஜா ரோடு:
அது தசைப்பிடிப்பு காயமா இல்லையாங்கிற வேற வழக்கு. இங்க கலக்காதீங்க.

பத்துக்குப் பத்து:
ஆஹா! அன்வருக்கும் தசைப்பிடிப்புதானே? தென்னாப்பிரிக்காக்காரன் தடவினா புண்ணு, பாகிஸ்தான்காரன் தடவினா சந்தனமா?

இன்னொண்ணு. சச்சின் 200-ஐ எடுங்க. குவாலியர், 2010. 147 பந்து, 25 ஃபோர், 3 சிக்ஸ். பவுண்டரி மொத்தம் எவ்ளோ? அதே 118. பந்துலயும் ஒண்ணுதான் வித்தியாசம். ஆனா மிச்ச 82 ரன்னையும் 36 வயசுல அவரே ஓடினார். எதிர்முனைக்காரன் அடிச்சதுக்கும் அவர்தான் ஓடினார். அங்க அன்வர் ஸ்கொயர் லெக்ல நின்னு மூச்சு வாங்கிக்கிட்டிருந்தார். ஒரே கணக்கு, ரெண்டு ஜோடிக் கால். இதுக்கு மேல என்ன சொல்லணும்?

வாலாஜா ரோடு:
நல்லா கேட்டீங்க. எல்லாருடைய ஓட்டத்தையும் போட்டுப் பார்த்துடுவோம். ரிச்சர்ட்ஸ் 189: 21 ஃபோர், 5 சிக்ஸ், ஓடினது 75. சேவாக் 219: 25 ஃபோர், 7 சிக்ஸ், ஓடினது 77. கெய்ல் 215: 10 ஃபோர், 16 சிக்ஸ், ஓடினது 79. கப்டில் 237: 24 ஃபோர், 11 சிக்ஸ், ஓடினது 75. ரோஹித் 264: 33 ஃபோர், 9 சிக்ஸ், ஓடினது 78. அன்வர் 76. எல்லாம் ஒரே அளவுதான். ரன்னரால அன்வருக்கு நூறு ரன் உபரியா வந்திருந்தா இங்க தெரிஞ்சிருக்கணும். தெரியல.

ரன்னர் வந்தா சொகுசுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். அடிபட்ட பேட்ஸ்மேன் ஸ்ட்ரைக்ல இருக்கும்போது க்ரீஸை விட்டு வெளிய நின்னு, கீப்பர் பக்க ஸ்டம்ப் விழுந்துச்சுன்னா, ரன்னர் எங்க பத்திரமா நின்னாலும் இவர் அவுட். ஷாட் அடிச்ச வேகத்துல பழக்கதோஷத்துல நாலு எட்டு வெச்சா கதை முடிஞ்சுது. சுழலுக்கு இறங்கி வரணும்னா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் வரணும். அப்படியும் கும்ப்ளேவை ஒரே ஓவர்ல அடுத்தடுத்து மூணு சிக்ஸ் அடிச்சார். கடைசியில சச்சின் பந்துல கங்குலி பிடிச்சாரே, அதுக்கும் அப்ரிதிதான் காரணமா?

பட்டாபிராமன் கேட்:
கத்திரி வெயில்ல சேப்பாக்கம். கடல் காத்துல ஈரம் இருக்கும், வேர்வை காயவே காயாது, உப்புதான் உடம்பை விட்டுப் போய்க்கிட்டே இருக்கும். வெறும் தண்ணியா குடிச்சா இன்னும் மோசம், கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிடும். முன்காலை நீட்ட முடியாது, பின்காலை ஊன முடியாது. அதுல 194. லாகூர்ல உட்கார்ந்து பேசுறவங்களுக்குப் புரியலைன்னா சரி, மெட்ராஸ்காரனுக்குமா புரியல?

பத்துக்குப் பத்து:
அதே சேப்பாக்கத்துல 1999-ல சச்சின் முதுகுவலியோட 136 அடிச்சார். ரன்னர் கேக்கல. புரியுதா?

வாலாஜா ரோடு:
அது டெஸ்ட் மேட்ச் ஐயா. இழையோட தலைப்பு ஒருநாள் போட்டி. 12 ரன்ல தோத்த வலி இன்னும் போகலைன்னா அதுக்கு இங்க தைலம் கிடையாது.

பட்டாபிராமன் கேட்:
டெஸ்ட்டுக்குப் போறதுன்னா ஆஸ்திரேலியாவோட டீன் ஜோன்ஸ் வரைக்கும் போவோம். 1986, இதே சேப்பாக்கத்துல டை ஆன டெஸ்ட், 210. மைதானத்துல வாந்தி, அப்புறம் ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ்.

வாலாஜா ரோடு:
கேட், நீங்க என் பக்கமா அவர் பக்கமா? ஜோன்ஸுக்கு ரன்னர் இல்ல. உதாரணத்தைக் கொண்டுபோய் எதிரி கையில கொடுக்காதீங்க.

சொல்ல மறந்துட்டேன். பட்டியல் போட்ட மகராசன் நாலாவது இடத்துல எதை வெச்சிருக்கார் பாருங்க. 2003 உலகக் கோப்பை, செஞ்சுரியன், பாகிஸ்தானுக்கு எதிரா சச்சின் 75 பந்துல 98. அபாரமான இன்னிங்ஸ், மறுக்கல. அந்த இன்னிங்ஸ்ல தசைப்பிடிப்பு வந்து ரன்னரா யார் இறங்கினது? சேவாக். "ரன்னர் இருந்தாரா, இல்லையா? முடிஞ்சுது"ன்னு யாரோ மேல எழுதியிருக்காங்க. யார்னு ஞாபகம் வரல.

பத்துக்குப் பத்து:
அது கடைசி நேரத்துல வந்த ரன்னர். வந்த கொஞ்ச நேரத்துல அக்தர் பவுன்சர்ல அவுட். அன்வருக்கு இன்னிங்ஸ்ல பெரும்பகுதி ரன்னர். ரெண்டும் ஒண்ணா?

வாலாஜா ரோடு:
ஓஹோ, இப்ப ரன்னருக்கு அளவு வந்துடுச்சு. படியில அளப்பீங்களா, உழக்குல அளப்பீங்களா? எத்தனை ஓவர் வரைக்கும் புனிதம், எங்கிருந்து தீட்டு?

மெரினா காத்து:
ஐசிசியே 2011 அக்டோபர்ல ரன்னரை ஒழிச்சுதே, ஏன்? எல்லாரும் இதை வெச்சு விளையாடினதாலதான். பேட்ஸ்மேன் ஷாட்டை முடிச்சு, பேலன்ஸ் பிடிச்சு, அப்புறம்தான் கிளம்ப முடியும். ஸ்கொயர் லெக் பக்கம் சும்மா நிக்கிற ரன்னர் அதுக்கு முன்னாடியே ரெண்டு எட்டு போயிடுவான். ஒண்ணு ரெண்டாகும். பவுலருக்குக் கால் பிடிச்சா வேற ஆளா ஓடி வந்து பந்து போடுறான்?

வாலாஜா ரோடு:
ரன்னரை எடுத்த அதே அக்டோபர்ல ரெண்டு முனைக்கும் தனித்தனி புதுப்பந்து கொடுத்தாங்க. அடுத்த வருஷம் வட்டத்துக்கு வெளிய நாலே பீல்டர்னு ஆக்கினாங்க. அப்போ அதுக்கப்புறம் வந்த இருநூறுகளையும் தள்ளிடலாமா? ரோஹித்துக்கு நாலு ரன்ல திசர பெரேரா விட்ட கேட்சையும் கழிப்பீங்களா?

பத்துக்குப் பத்து:
மேக்ஸ்வெல்லைப் பாருங்க, 2023, வான்கடே. 91-க்கு 7, இலக்கு 292. காலே அசையல. 201-ல 144 பவுண்டரி, ஓடினது வெறும் 57. விதியில ரன்னர் இல்ல, நின்ன இடத்துல நின்னு அடிச்சார். அதுதான் பட்டியல்ல முதல் இடம். அன்வரால ஓட முடியலைன்னா அவரும் அப்படி அடிச்சிருக்கணும்.

வாலாஜா ரோடு:
33-ல முஜீப் கையில இருந்து நழுவின கேட்ச் உங்க பட்டியல்ல எந்தக் கட்டத்துல வருது?

தல வெறியன்:
2019 செமி பைனல்ல நம்ம தல தோனிக்கு ஒரு ரன்னர் இருந்திருந்தா கப்டில் த்ரோ என்ன ஆயிருக்கும்? சும்மா கேக்குறேன்.

பத்துக்குப் பத்து:
வந்துட்டார்யா. 72 பந்துல 50 அடிச்சவருக்கு ரன்னர் இல்ல, ஆட்டோதான் அனுப்பணும்.

தல வெறியன்:
உங்க பட்டியல்ல 2011 பைனல் 91 நாட் அவுட்டும் இல்லைன்னு இப்பதான் பார்த்தேன். சேப்பாக்கத்துல 2012-ல 29-க்கு 5-ல இருந்து எடுத்த 113 நாட் அவுட்டும் இல்ல. இவருக்குச் சென்னைன்னாலே ஆகாது போல.

பத்துக்குப் பத்து:
அந்த 113 அடிச்ச மேட்ச் தோத்த மேட்ச்.

வாலாஜா ரோடு:
சச்சினோட 1999 மட்டும் ஜெயிச்ச மேட்ச்சா? 136-ஐ எடுத்துட்டு வந்தது நீங்கதானே? பதில் சொல்லிட்டு அப்புறம் தல கிட்ட போங்க. 76 எப்படிப் பாதி ஆச்சுங்கறதுக்கும் இன்னும் பதில் வரல.

பத்துக்குப் பத்து:
பேச்சுக்குன்னு சொல்லிட்டேன். ரன்னர் இருந்தாரா, இல்லையா?

பட்டாபிராமன் கேட்:
அன்னிக்கு டிராவிட் 107 அடிச்சார், அவரோட முதல் ஒருநாள் சதம். அதைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க.

வாலாஜா ரோடு:
கேட், கொஞ்சம் சும்மா இருங்க.