நண்பர்களோடு 2000 மீட்டர் ரோயிங் போட்டி: பாதியில் விட்டுவிட்டேன், மறுபடி இறங்குகிறேன், எப்படித் தயாராவது?

வேளச்சேரி_வாசி:

எனக்கு 38 வயது, எடை 72 கிலோ. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருக்கும் நாங்கள் நான்கு பேர் ஒரே ஜிம்முக்குப் போகிறோம். அங்கே கான்செப்ட்2 ரோயிங் மெஷின் (உட்கார்ந்தபடி துடுப்புப் போடுவது போல ஹேண்டிலை இழுத்துச் சக்கரத்தைச் சுழற்றும் கருவி) நான்கு வரிசையாக இருக்கிறது, நாங்களும் நான்கு பேர், அதனால் போன ஞாயிற்றுக்கிழமை காலை 2000 மீட்டர் போட்டி வைத்தோம்.

தனியாக இழுத்தால் எனக்கு 8:12 வரும், இரண்டு முறை வந்திருக்கிறது. அன்று பக்கத்து மெஷினில் எங்களில் பெரிய ஆள், 95 கிலோ. அவன் கிளம்பிய வேகத்திலேயே நானும் கிளம்பினேன். திரையில் 1:46 (அந்த வேகத்தில் 500 மீட்டருக்கு ஆகும் நேரம்) என்று காட்டியது, கை கால் எல்லாம் லேசாக இருந்தது, இன்று நம்முடைய நாள் என்றே நினைத்துவிட்டேன். முதல் 500 மீட்டர் 1:50ல் முடிந்தது. 800 தாண்டியதும் தொடை கல்லாகிவிட்டது, எவ்வளவு இழுத்தாலும் எண் 2:15, 2:20 என்று ஏறிக்கொண்டே போகிறது, 1150ல் ஹேண்டிலை விட்டுவிட்டேன். அவன் 7:45ல் முடித்தான். மற்ற இருவரும் வழக்கமாக என்னைவிட மெதுவாக இழுப்பவர்கள், அவர்களும் முடித்துவிட்டார்கள். தோற்றது பெரிதில்லை, நடுவில் விட்டதுதான் ஒரு வாரமாக உறுத்துகிறது.

ஆறு வாரத்தில் மறுபோட்டி. டேம்பரை (சக்கரத்துக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல், 1 முதல் 10 வரை) 10ல் வைத்தால்தான் வேகம் வரும் என்கிறான் ஒருவன், அது சரியா? வேகத்தை எப்படிப் பிரிப்பது? 72 கிலோவும் 95 கிலோவும் மோதுவதே நியாயம்தானா? இழுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

துடுப்புக்காரன்:

தம்பி, கல்லூரி நாட்களில் மெட்ராஸ் போட் கிளப்பில் அடையாற்றில் துடுப்பு போட்டவன் நான் (1867ல் ஆரம்பித்த கிளப் அது, இன்றும் அங்கே காலையில் படகு இறங்குகிறது). மழைக்காலத்தில் மெஷின்தான் எங்களுக்கு ஆறு. உனக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது. உடம்பில் பலம் இல்லாமல் போனதால் வந்ததில்லை, கணக்கு தப்பியதால் வந்தது.

அந்த மெஷினில் வேகத்துக்கும் சக்திக்கும் உள்ள உறவு நேர்கோடு கிடையாது. வேகம் கொஞ்சம் கூடினாலே அதற்குத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கு விகிதத்தில் கூடும். உன்னுடைய 8:12 என்பது 500 மீட்டருக்கு 2:03, அதாவது சுமார் 188 வாட். நீ முதல் 500ஐ இழுத்த 1:50க்கு 263 வாட் வேண்டும். பதின்மூன்று நொடி வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் உன் உடம்பு தாங்கும் அளவைவிட நாற்பது சதவீதம் அதிகமாகச் செலவழித்திருக்கிறாய். ஆரம்பத்தில் லேசாக இருந்ததற்கும் காரணம் உண்டு. முதல் பத்துப் பதினைந்து நொடிக்கு வேண்டிய சக்தி தசையிலேயே தயாராக இருக்கும், அதனால் எந்த வேகமும் சுலபமாகத்தான் தெரியும். அந்த இருப்பு தீர்ந்த பிறகுதான் உண்மை விலை தெரியும்.

ஆகவே மறுபோட்டியில் இப்படிப் போ: முதல் நான்கைந்து இழுப்பு சக்கரத்தைச் சுழலவிட, பாதி, முக்கால், அப்புறம் முழு நீளம். பத்தாவது இழுப்புக்குள் எண் 2:03க்கு வந்துவிட வேண்டும். முதல் மூன்று ஐந்நூறும் 2:03, கடைசி ஐந்நூறு 2:01. கூட்டினால் 8:10, உன் சொந்தச் சாதனை. மூன்றாவது ஐந்நூறுதான் மோசமான இடம், தொடக்கத்தின் உற்சாகமும் இருக்காது, முடிவும் கண்ணில் படாது. அங்கே பத்துப் பத்து இழுப்பாக எண்ணிக்கொண்டு போ. பக்கத்து ஆளை 1500 வரை பார்க்கவே பார்க்காதே. அவன் எண் அவனுடையது. கடைசி 500ல் கையில் ஏதாவது மிச்சம் இருந்தால் அப்போது பார், துரத்து, அதற்குத்தான் நண்பன் பக்கத்தில் இருக்கிறான்.

டேம்பர் 10 வேண்டாம். அது சைக்கிள் கியர் மாதிரி, எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதுதான், உழைப்பின் அளவு கிடையாது. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே சக்கரம் எவ்வளவு குறைகிறது என்பதை மானிட்டர் அளந்துதான் கணக்குப் போடுகிறது, எந்த எண்ணில் வைத்தாலும் மதிப்பு நியாயமாகத்தான் வரும். மெஷினில் தூசி அடைந்திருந்தால் ஒரு மெஷினின் 5 இன்னொன்றின் 4 போல இருக்கும். மானிட்டர் மெனுவில் டிராக் ஃபாக்டர் (காற்று சக்கரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண்) காட்டும் இடம் உண்டு, நான்கு மெஷினிலும் அதைப் பார்த்து 120 பக்கம் வைத்துக்கொள்.

பாஸ்டன்_தமிழச்சி:

எடை கேள்விக்கு நான் சொல்கிறேன். கான்செப்ட்2 நிறுவனமே ஒரு சூத்திரம் தருகிறது: எடையை பவுண்டில் எடுத்து 270ஆல் வகுத்து, அதை 0.222 அடுக்குக்கு உயர்த்தி, வரும் எண்ணால் உங்கள் நேரத்தைப் பெருக்க வேண்டும். படகில் கனமான ஆள் தண்ணீரில் இன்னும் ஆழமாக அமிழ்வார் இல்லையா, மெஷினில் அந்தத் தண்டனை கிடையாது, அதை ஈடுகட்டத்தான் இது. உங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். 72 கிலோவுக்கு 0.889 வருகிறது, 8:10 இழுத்தால் திருத்திய நேரம் ஏறக்குறைய 7:15. உங்கள் நண்பருக்கு 0.945, அவருடைய 7:45 ஏறக்குறைய 7:19 ஆகிறது. பார்த்தீர்களா, 8:10 வந்தாலே நீங்கள் முன்னால்! இரண்டு பட்டியலும் வைத்துக்கொள்ளுங்கள், நேரடி நேரம் ஒன்று, எடை திருத்தியது ஒன்று. முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொள்வது முக்கியம், முடிந்த பிறகு சூத்திரத்தை எடுத்தால் மனக்கசப்புதான் வரும்.

இங்கே பாஸ்டனில் கிராஷ்-பி என்று பெரிய ரோயிங் மெஷின் போட்டி உண்டு, 1980களின் தொடக்கத்தில் சில படகுக்காரர்கள் குளிர்காலச் சலிப்பைப் போக்க ஆரம்பித்தது. முன்பு 2500 மீட்டர், 1996 முதல் 2000. ஜெயித்தவர்களுக்குச் சுத்தியல் பரிசு. நான் இரண்டு முறை என் தோழிகளோடு இழுத்திருக்கிறேன். மெஷின்களை இணைத்துவிட்டால் திரையில் எல்லோருடைய படகும் நகரும், அந்தப் படத்தைப் பார்த்தாலே கை தானாக வேகமாகும். அதனால் நான் என் தோழியைப் பின்னால் உட்காரவைத்து, என் எண்ணை மட்டும் காதில் சொல்லச் சொல்வேன். "2:11, நல்லா போகுது, முதுகை நிமிர்த்து." 1400 மீட்டரில் அந்தக் குரல் இல்லாமல் இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். உங்கள் வீட்டில் யாரையாவது அழைத்துப் போங்கள்.

கோவை_பிசியோ:

மேலே சொன்னதெல்லாம் சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன். 38 வயதில் முழுமூச்சாக இழுக்கும் முன் நான்கு பேரும் ஒரு முறை ரத்த அழுத்தம், ஈசிஜி பார்த்துக்கொள்ளுங்கள், குடும்பத்தில் இதய நோய் இருந்தால் கட்டாயம். இழுக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள், அது வேறு, தொடை எரிவது வேறு.

அடுத்தது முதுகு. களைத்ததும் பலர் காலைத் தள்ளும் முன்பே முதுகைத் தூக்கி இழுப்பார்கள், இடுப்புவலியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். கால், பிறகு உடல், கடைசியில் கை. திரும்பும்போது கை, உடல், கால். ஆறு வாரத்தில் வாரம் மூன்று நாள் போதும்: ஒரு நாள் நிமிடத்துக்கு 20 இழுப்பில் அரை மணி நேரம் மெதுவாக, ஒரு நாள் 500 மீட்டர் நான்கு முறை, நடுவில் மூன்று நிமிட ஓய்வு, இன்னொரு நாள் நுட்பம் மட்டும். போட்டியன்று மூன்று மணி நேரம் முன்பே இட்லி போல லேசாகச் சாப்பிட்டுவிடுங்கள், இழுக்கும் முன் பத்து நிமிடமாவது உடம்பைச் சூடேற்றுங்கள், முடிந்ததும் படுத்துவிடாமல் ஐந்து நிமிடம் மெல்ல இழுங்கள்.

வேளச்சேரி_வாசி:

அண்ணா, அக்கா, டாக்டர், மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலையே போய் டிராக் ஃபாக்டர் பார்த்தேன், நான் அன்று உட்கார்ந்த மெஷினில் டேம்பர் 10ல் 190க்கு மேல் காட்டியது. 120க்கு இறக்கி, 2:03ஐ விடாமல் பிடித்துக்கொண்டு 1000 மீட்டர் இழுத்தேன். முதல் 300 மீட்டர் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது, ஆனால் முடிக்கும்போது பேச முடிந்தது. எடைச் சூத்திரத்தைப் பெரிய ஆளுக்கு அனுப்பினேன், "சரி, ரெண்டு லிஸ்டும் வை, ரெண்டுலயும் நான்தான்" என்று பதில் வந்திருக்கிறது. ஈசிஜிக்கு நால்வரும் சனிக்கிழமை போகிறோம். பின்னால் உட்கார்ந்து எண் சொல்ல என் மகள் வருகிறாள்.

துடுப்புக்காரன்:

190 வைத்துக்கொண்டா 1150 வரை வந்தாய்? 8:10ஐத் தாண்டியே வருவாய் தம்பி. நான்கு ஐந்நூறையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு வந்து இங்கேயே போடு.