சாமித்தோப்பில் தலையில் கட்டிய துண்டு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

குமரிக்காரன்:
போன மாதம் நண்பர் ஒருவரோடு குமரி மாவட்டத்துச் சாமித்தோப்புப் பதிக்கு, அதாவது அய்யா வைகுண்டரின் வழிபாட்டிடத்துக்குப் போயிருந்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு, கோயில் பழக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் கூப்பிட்டார். "மக்களே, இங்க துண்டு இடுப்புக்கு இல்ல, தலைக்கு." சொன்னதோடு விடாமல் எழுந்து வந்து அவரே அவிழ்த்தார். தலையில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைச் செருகி, "இனி உள்ள போ" என்றார்.

உள்ளே கண்ணாடியும் விளக்கும்தான், சிலை கிடையாது. நெற்றியில் நாமமும் தலையில் பாகையுமாக வரிசையில் நின்றவர்களோடு என் உருவமும் அதில் தெரிந்தது. நான் கை கூப்ப, எதிரே நின்றவனும் என்னைப் பார்த்துக் கை கூப்பினான். கண் கலங்கிவிட்டது.

அந்தத் துண்டுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. சாதிக் கொடுமையை எதிர்த்த வைகுண்டருக்குப் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்த்திவைத்த சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடியா என்று மேல்சாதிக்காரர்கள் எதிர்த்ததால் அது முத்துக்குட்டி ஆனது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தென் திருவிதாங்கூரில் அந்த மக்கள் மேல்சாதியார் முன் தோளில் துண்டு போடக் கூடாது, தலைப்பாகை கட்டக் கூடாது. 1833-க்குப் பிறகு அதே மனிதர் எல்லோரையும் பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார். சாதி பார்க்காமல் ஒரே கிணற்றில் நீர் இறைக்க வைத்தார், ஒரே பந்தியில் உட்கார வைத்தார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. 1851-ல் அவர் மறைந்தார். பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்ற அரச அறிக்கை 1859-ல்தான் வந்தது.

சமத்துவத்தைச் சட்டம் சொல்வதற்கு முன்பே இந்த மக்கள் அதை உடம்பால் பழகிவிட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

மார்த்தாண்டத்துக்காரி:
என் அனுபவம் கேரளத்து அருவிப்புறத்தில். 1888-ல், தாழ்த்திவைத்த ஈழவர் சாதியில் பிறந்த துறவி நாராயண குரு நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நாட்டிய இடம். சாதி வேறுபாடும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறந்தவர்களாக வாழும் முன்மாதிரி இடம் இது என்று அங்கே மலையாளத்தில் எழுதியிருக்கும். ஆனால் என்னை அசைத்தது அதைவிட என் தாத்தாவின் தகரப் பெட்டிதான்.

அந்தக் கோயிலை நடத்தக் கூடிய கூட்டம்தான் 1903-ல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் ஆனது. குமாரன் ஆசான் அதற்குச் செயலாளர். தாத்தா அதன் உள்ளூர்ச் சாகையில், அதாவது கிளையில் உறுப்பினர். பெட்டியில் கூட்ட நடவடிக்கை நோட்டு ஒன்று இருந்தது. பள்ளிக் கொட்டகைக்கு ஓலை மாற்ற வேண்டும் என்று தீர்மானம். பதினொரு பேர் சரி என்றிருக்கிறார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். வேண்டாம் என்றவர்களில் ஒருவர் தாத்தா! காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: மழைக்கு முன்னால் முடியாது.

அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் சட்டசபைக்கு வாக்களிக்கப் பெரும்பாலும் நிலவரி கட்டியிருக்க வேண்டும். தாத்தாவிடம் நிலம் கிடையாது. அரசாங்கக் கணக்கில் வாக்கில்லாத மனிதருக்குச் சாகையில் கை தூக்கவும் மறுத்துப் பேசவும் இடம் இருந்திருக்கிறது. 1932-ல் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் சேர்ந்து சட்டசபையில் பிரதிநிதித்துவம் கேட்டு, தேர்தலைப் புறக்கணிக்கும் நிவர்த்தன இயக்கம் நடத்தினார்களே, அந்தத் துணிச்சல் இப்படிப்பட்ட கூட்டங்களில்தான் வளர்ந்தது என்று நான் நம்புகிறேன்.

நெய்வேலிவாசி:
வடலூர் எங்களுக்குப் பக்கம். 1867-ல் பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சின்ன வயதிலிருந்தே அங்கே பந்தியில் சாப்பிட்டிருக்கிறேன், ஒருவரும் என்னை யார் என்று கேட்டதில்லை. அவர் கட்டிய வழிபாட்டிடமான சத்திய ஞான சபைக்குள் போகவும் புலால், கொலை தவிர்த்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிறப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வள்ளலார் படம் மாட்டிய ஒரு வீட்டில், என் அப்பாவுக்குத் தனி டம்ளரில் மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்து வைத்தார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தப் படத்துக்குப் பூ வைத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

குமரிக்காரன்:
படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை. எங்கள் பக்கமும் இது உண்டு. தன்னை ஒரு சாதிக்குள் அடக்கப் பார்க்கிறார்கள் என்றுதானே, தனக்குச் சாதி கிடையாது என்று நாராயண குரு 1916-ல் அறிவிக்க வேண்டி வந்தது. குருவுக்கே அந்த நிலை. உங்கள் அப்பா கவிழ்த்த டம்ளருக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்குப் பதியில் உண்பான் என்ற அன்னத்தை வாங்கிச் சாப்பிடும்போது அந்தப் பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் ஊரையும் பெயரையும் அவர் கேட்கவில்லை, அவர் பெயரை நானும் கேட்காமல் வந்துவிட்டேன். தைத் திருவிழாவுக்குப் போகிறேன். வடலூர்க்காரரே, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் தலையில் நான் துண்டு கட்டிவிடுகிறேன்.