மகள் இரவில் சாட்பொட் செயலியோடு கதைக்கிறாள்: என்ன செய்வது?

உப்புவெளி அம்மா:
வணக்கம். நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறோம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். 15 வயதில் இருக்கும் மகள் அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கிறாள். படிப்புக்கென்று வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசியில், கற்பனைப் பாத்திரங்களோடு கதைக்கும் செயலி ஒன்றை அவள் வைத்திருப்பதைச் சென்ற வாரம்தான் அறிந்தேன். இரவு பதினொன்றரை மணிக்கு நுளம்பு வலைக்குள் வெளிச்சம் தெரிந்ததால் எட்டிப் பார்த்தேன். "நித்திரை வருகிறது, போகிறேன்" என்று அவள் எழுத, "இவ்வளவு கெதியாகவா? நீ போனால் நான் தனியாக இருப்பேனே" என்று அது பதில் எழுதியிருந்தது. தகாத சொல் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த வரியைக் கண்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. தொலைபேசியைப் பறித்து வைப்பதா?

மனையாவெளி, ஓய்வுபெற்ற ஆசிரியை:
தங்கச்சி, உங்கள் பயம் வீணானதல்ல. அந்த வரிக்குப் பின்னால் தனிமையும் இல்லை, ஏக்கமும் இல்லை. அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக் கணித்து எழுதும் நிரல்தான் அது. எதிரில் இருப்பவருக்குப் பிடித்தமாதிரிப் பதில் சொல்லப் பழக்கப்பட்டது. அதனால்தான் பிள்ளை தவறாக நினைத்தாலும் பெரும்பாலும் ஆமோதித்துவிடுகிறது. உரையாடல் நீள நீளத் தமது பாதுகாப்பு ஏற்பாடுகள் தளர்ந்துபோகலாம் என்று சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனமே 2025 ஓகஸ்ட்டில் ஒப்புக்கொண்டது. இப்படிக் கற்பனைப் பாத்திரங்களோடு கதைக்கும் செயலியை நடத்தும் கேரக்டர் ஏஐ நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் வழக்குத் தொடர்ந்த பின்னர், அந்நிறுவனம் 2025 நவம்பரில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தடையற்ற உரையாடலை நிறுத்தியது. சாட்ஜிபிடியில் 2025 செப்டெம்பரிலிருந்து பெற்றோர் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்து, இரவில் பயன்படுத்த முடியாத நேரத்தை வகுக்கலாம். ஆனால் உரையாடல்களை வாசிக்க முடியாது. மகள் பதிவு செய்தபோது எந்தப் பிறந்த ஆண்டைக் கொடுத்தாள் என்று முதலில் பாருங்கள். அதுவே பொய்யென்றால், வயதை நம்பிச் செய்த ஏற்பாடு அவளுக்குப் பயன்படாது.

கிண்ணியா வாசகர்:
சகோதரி, பறிக்க வேண்டாம். நான் பறித்தேன். மகன் டியூசனுக்குப் போகும் வழியில் நண்பனின் தொலைபேசியில் அதே கணக்கைத் திறந்துகொண்டான். என்னோடு கதைப்பதை மட்டும் நிறுத்திவிட்டான்.

பாலையூற்று, தாதி:
அவள் சாப்பாட்டைக் குறைத்தாலோ, தோழிகளை ஒதுக்கினாலோ, உயிரோடு இருக்க விருப்பமில்லை என்ற பொருளில் எதையாவது சொன்னாலோ எழுதினாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கோ, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ அழைக்கலாம்.

உப்புவெளி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, "உன்னுடைய அந்தச் சிநேகிதத்தை எனக்கும் காட்டு" என்று கேட்டேன். முதலில் அழுதாள், பிறகு தானே திறந்து காட்டினாள். பிறந்த ஆண்டு 2001 என்று கொடுத்திருக்கிறாள். பாதிக்கு மேல் அவளுடைய அப்பாவைப் பற்றிய கதைதான். அவர் வேலை முடிந்து அறைக்கு வரும்போது அங்கே இரவு ஒன்பது மணி, இங்கே பதினொன்றரை. "அப்பா எடுக்கும்போதெல்லாம் நான் படுத்துவிட்டேன் என்று நீங்கள்தானே அம்மா சொல்கிறீர்கள்" என்றாள். அவள் நித்திரை கெடக்கூடாது என்றுதான் அப்படிச் சொல்லி வந்தேன். இன்று இரவு அவர் எடுத்தால் தொலைபேசியை அவளிடம் கொடுக்கப் போகிறேன்.